வலப்பக்கத்துக்குப் போன கதை

துவாக்குடிக்காரர்களுக்கு வலப்பக்கம் வண்டி ஓட்டுவது ஒன்றும் புதிதல்ல. திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு எத்தனையோ வருஷமாக மனுவும் மறியலும் வழக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரோடு வரும்வரை ஜனங்கள் காத்திருப்பார்களா? எதிர்ப்பக்கம் இருக்கிற டீக்கடைக்குப் போக அடுத்த யூ டர்ன் வரை யார் போவது என்று, டிவைடரை ஒட்டியே எதிர்த்திசையில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ராங் சைடில் போகிறவனுக்குத்தான் எங்கள் ஊரில் ரோட்டின் மேல் பிடிமானம் அதிகம்.

இந்த ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் நான். என்.ஐ.டி.யில் படித்த பையன்களும், பெல் கம்பெனி ஊழியர்களின் பெண்களும், சிட்கோ எஸ்டேட்டில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு ஐரோப்பாவில் கான்ட்ராக்ட் கிடைத்துப் போகிறவர்களுமாக, புறப்படுவதற்கு முன் என் ஆபீசுக்கு வந்து உட்காருவார்கள். “சார், அங்கே எல்லாம் ரைட் சைடாமே. கொஞ்சம் சொல்லிக் கொடுத்து அனுப்புங்களேன்.” அவர்களுக்கு நான் கியரையும் கிளட்சையும் பற்றிச் சொல்வதில்லை, அது ஏற்கெனவே தெரியும். பக்கம் மாறிய சரித்திரத்தைச் சொல்வேன். எந்தப் பக்கம் போவது என்பதை ஊர் ஊராக யார் யாரோ, எதற்காகவோ முடிவுசெய்தது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அந்தச் சரித்திரத்தை முதலில் எனக்குச் சொன்னவர் என் அப்பா. 1965 மே மாதம் திருவெறும்பூர் பக்கத்தில் பெல் கம்பெனியின் உயர் அழுத்த பாய்லர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்பம்தான் கைகொடுத்தது. போபாலுக்கு இங்கிலாந்து, ஹரித்வாருக்கு ரஷ்யா, ஹைதராபாத்துக்கும் எங்களுக்கும் செக் நாடு என்று அப்போதைய மின்சாதன ஆலைகளுக்கு ஆளுக்கொரு கூட்டாளி. அதற்கு முந்தின வருஷம்தான் பக்கத்திலேயே ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ் தொடங்கியிருந்தது. கல்லும் கருவேலமுமாகக் கிடந்த பொட்டலில் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்த காலம். வந்திறங்கிய செக் இன்ஜினியர்களை அம்பாசிடரில் ஏற்றி இறக்குவது அப்பாவின் வேலை.

அப்பா சொல்வார்: வந்த புதிதில் அவர்கள் முன்சீட்டில் உட்காரும்போது கால் சும்மா இருக்காது. ஸ்டியரிங் இல்லாத இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரி வந்தால் வலது காலைத் தரையில் அழுத்துவார்கள். பிரேக் இருக்க வேண்டிய இடமாம். அவர்களில் வயதான ஒருவர் மட்டும் அப்படிச் செய்யமாட்டார். அரைகுறை ஆங்கிலத்தில் அவர் அப்பாவிடம் சொன்னாராம், “நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரிலும் இப்படித்தான், இடது.” அப்பா நம்பவில்லை. ஐரோப்பாவில் இங்கிலாந்தைத் தவிர இடப்பக்கம் போகிற ஊர் ஏது என்று நினைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்.

அந்தப் பெரியவர் சொன்னது அத்தனையும் நிஜம். செக்கோஸ்லோவாக்கியா 1939 வரை இடப்பக்கம் போன நாடு. சுற்றியிருந்தவர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று அவர்களே யோசித்து, 1939 மே 1-ஆம் தேதி முதல் வலப்பக்கம் என்று சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஹிட்லருடைய படைக்கு அந்தப் பொறுமை இல்லை. மார்ச் 15-ஆம் தேதி உள்ளே வந்த ஜெர்மன் வண்டிகள் தங்கள் வழக்கப்படி வலப்பக்கமே வந்தன. இரண்டொரு நாளில் நாடு முழுக்க அதுவே உத்தரவாயிற்று. பிராக் நகரத்துக்கு மட்டும் டிராம்களைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்து மார்ச் 26-ஆம் தேதி மாற்றினார்கள். அதாவது, பிராகிலிருந்து புறநகருக்குப் போன ஒருவர் அந்தச் சில நாட்கள் ஊர் எல்லையில் பக்கம் மாறிப் போயிருக்க வேண்டும்.

வியன்னாவின் கதையும் அதுதான். ஆஸ்திரியாவில் மேற்கு மாகாணங்கள் ஒரு பக்கம், கிழக்கு மாகாணங்கள் ஒரு பக்கம் என்று கொஞ்ச காலம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1938-இல் ஜெர்மனி அந்த நாட்டை விழுங்கிய கையோடு செப்டம்பரில் வியன்னாவும் வலப்பக்கத்துக்குப் போயிற்று. இங்கிலீஷ் கால்வாயில் இருக்கிற ஜெர்சி, கெர்ன்சி தீவுகளை ஜெர்மானியர் பிடித்தபோது அங்கேயும் வலம். அவர்கள் போனதும் தீவுக்காரர்கள் மறுபடி இடம். படை வந்தால் ஒரு பக்கம், படை போனால் மறுபக்கம். இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

எல்லாம் நெப்போலியன் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டென்மார்க்கில் 1793-லேயே வலப்பக்க உத்தரவு இருந்தது, பாரிசில் 1794-இல். அப்போது நெப்போலியன் ஒரு பீரங்கிப்படை அதிகாரி. வாளை எந்தக் கையில் பிடித்தார்கள், குதிரைவண்டிக்காரன் எந்தக் குதிரையின் மேல் உட்கார்ந்தான் என்றெல்லாம் கேட்க நன்றாக இருக்கும் கதைகள் நிறைய. தாளில் இருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், இங்கிலாந்து 1835-இல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் இடப்பக்கத்தை உறுதிசெய்தது. அவர்கள் ஆண்ட நாமும் அதே பக்கம் நின்றுவிட்டோம். போர்ச்சுகல் 1928-இல் வலத்துக்கு மாறியபோதும் கோவா மாறவில்லை. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இடப்பக்கம் போகும்போது கோவா மட்டும் மாறி என்ன செய்வது? எஜமான் லிஸ்பனில் இருந்தாலும் எல்லையில் எதிரே வருகிறவன் பெல்காம்காரன்.

படையும் இல்லாமல் பலவந்தமும் இல்லாமல் மாறிய பெரிய கதை சுவீடனுடையது. 1955-இல் ஜனங்களிடம் ஓட்டு கேட்டார்கள். நூற்றுக்கு 83 பேர் வேண்டாம் என்றார்கள். அரசாங்கம் பன்னிரண்டு வருஷம் ஆறப்போட்டுவிட்டு 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு நாட்டையே இடத்திலிருந்து வலத்துக்கு நகர்த்தியது. பக்கத்து நாடுகள் வலத்தில் போவது ஒரு காரணம். இன்னொன்று வேடிக்கையானது: இடப்பக்கம் போன அந்த நாட்டில் பெரும்பாலான கார்களுக்கு ஸ்டியரிங்கும் இடது பக்கமே இருந்தது. முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமானால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. மறு வருஷம் மே மாதம் ஐஸ்லாந்தும் மாறியது. ஆக, என் வயதுக்காரர்கள் பிறந்த காலத்தில்கூட ஐரோப்பா ஒரே பக்கமாக இருக்கவில்லை.

பக்கம் நாட்டுக்கு நாடு வேறாக இருக்கும்போது வெளியூர்க்காரனை எப்படி நம்பி வண்டியைக் கொடுப்பது என்ற கேள்வி கார் வந்த உடனேயே வந்துவிட்டது. கார்ல் பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹைமில் தன் மூன்று சக்கர வண்டியை ஓட்டுவதற்கு 1888-இல் பாடன் அரசாங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். உலகத்தின் முதல் டிரைவிங் லைசென்ஸ் அதுதான் என்பார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடமும் கேட்காமல் சர்க்காரிடமும் கேட்காமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குத் தாய்வீடு போய்ச் சேர்ந்தார். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் கறை போக்குகிற லிக்ராயின் வாங்கி ஊற்றியிருக்கிறார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். லைசென்ஸ் இல்லாமல் செய்த பயணத்தில்தான் பிரேக் லைனிங் பிறந்தது. இதை நான் சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள், மாணவர்கள் சிரிப்பதில்லை.

என் தொழிலின் பூர்வீகமும் அங்கேதான். 1904 நவம்பரில் அஷாஃபன்பர்க் என்ற ஊரில் ருடால்ஃப் கெம்ப் என்பவர் ஜெர்மனியின் முதல் டிரைவிங் ஸ்கூலைத் திறந்தார். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. பிறகு 1939, பிறகு இப்போது நடப்பில் இருக்கிற 1988.

ஒரு நாட்டு லைசென்ஸை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கு 1909 அக்டோபரில் பாரிசில் கூடி முதல் ஒப்பந்தம் போட்டார்கள். 1926-இல் மறுபடி பாரிஸ், 1949-இல் ஜெனீவா, 1968-இல் வியன்னா. இந்தியா ஜெனீவா ஒப்பந்தத்தில் 1962-இல் சேர்ந்தது. இன்று நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கிற சர்வதேச பெர்மிட் ஜெனீவாவின் பிள்ளை. அந்தச் சின்னப் புத்தகத்தின் அட்டை சாம்பல் நிறமாக இருக்க வேண்டும், உள்ளே தாள் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதுவரை அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. இடமா வலமா என்று அந்த ஒப்பந்தம் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஒரே திசையில் போகிற எல்லா வண்டியும் ஒரே பக்கம் போக வேண்டும், நாடு முழுக்க எல்லா ரோட்டிலும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும், அவ்வளவுதான். துவாக்குடி பைபாஸில் நின்றுகொண்டு அதை வாசித்துக் காட்ட எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பெர்மிட் இருந்தால் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குப் போதும். ஜெர்மனியில் குடியேறுகிறவருக்கு அது ஆறு மாசத்துக்குத்தான். அதன் பிறகு நம் லைசென்ஸ் அங்கே வெறும் அட்டை. சில நாட்டு லைசென்ஸை அப்படியே மாற்றிக் கொடுக்க அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது; அதில் இந்தியா இல்லை. எனவே எழுத்துப் பரீட்சை, ஓட்டிக் காட்டுகிற பரீட்சை இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒரே சலுகை, நம்மிடம் லைசென்ஸ் இருப்பதால் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டிய வகுப்புகளுக்கு நாம் போகத் தேவையில்லை. முதலிலிருந்து படித்து லைசென்ஸ் வாங்குகிற ஜெர்மன் பிள்ளைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யூரோ ஆகிவிடுகிறது. இதைக் கேட்டதும் என் ஃபீஸைப் பற்றிப் பேரம் பேசுகிறவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள்.

என் மகள் மான்ஹைமில் வேலைக்குச் சேர்ந்து இதையெல்லாம் செய்துமுடித்தவள். எழுத்துப் பரீட்சையில் 30 கேள்வி. தப்புக்குத் தப்பு மதிப்பெண் ஏறும். 10-ஐத் தாண்டினால் போச்சு. ஆளைக் கொல்லக்கூடிய ஐந்து மதிப்பெண் கேள்விகளில் இரண்டு தப்பானாலும் போச்சு. ஜெர்மன் தவிர பன்னிரண்டு மொழியில் எழுதலாம்: ஆங்கிலம் உண்டு, துருக்கி உண்டு, 2016 முதல் அரபியும் உண்டு. தமிழ் இல்லை. ஓட்டிக் காட்டுவது 55 நிமிஷம். பரீட்சை எடுப்பவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இரட்டை பெடலோடு வாத்தியார். “ஏம்பா, நம்ம ஊர்ல ரெண்டு கியர் மாத்தறதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவாங்களே” என்று மகள் போனில் சிரித்தாள். அவளுக்கு அந்த ஊர் வாத்தியார் மாதக்கணக்கில் அடித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: கண்ணாடியைப் பார்த்தது போதாது, திரும்புவதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பார். சைக்கிள்காரன் கண்ணாடியில் தெரியமாட்டான்.

தமிழ் இல்லை என்றேன். தமிழ் இருந்த ஒரு இடம் உண்டு, இருந்து போயிற்று. பிரிட்டனில் எழுத்துப் பரீட்சையைத் தமிழில் காதால் கேட்டு எழுத வசதி இருந்தது. இந்தி, பெங்காலி, பஞ்சாபி, குஜராத்தி, உருது, தமிழ் என்று பத்தொன்பது அந்நிய மொழிகளில் குரல் பதிவு வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போரைத் தப்பி லண்டன் போய்ச் சேர்ந்த எத்தனையோ பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிற்கும் தூரத்தையும் முந்தும் விதியையும் நம் மொழியில் கேட்டு பாஸ் செய்திருக்கிறார்கள். 2014 ஏப்ரல் 7-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் விடை சொல்லிக் கொடுத்த மோசடி, ரோட்டுப் பலகை புரியாமல் போகும் ஆபத்து, செலவு என்று காரணம் சொன்னார்கள். மோசடி நடந்ததற்குத் தண்டனை மொழிபெயர்ப்பாளருக்கா, மொழிக்கா என்று நான் கேட்பேன். ஆனால் ரோட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற பாயிண்டை என்னால் தள்ள முடியாது.

மகளைப் பார்க்க நான் மான்ஹைம் போனேன். அந்த ஊர் நடுவில் தெருவுக்குப் பெயர் கிடையாது. சதுரம் சதுரமாகக் கட்டி ஆங்கில எழுத்தும் எண்ணும் போட்டிருக்கிறார்கள், பெல் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் மாதிரி. ஓட்டுவதில் கை தடுமாறும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது கியர். அது பெரிய விஷயமில்லை. வலது கைக்குக் கியர் போவது ஒரு தெருவுக்குள் பழகிவிடும். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் வரிசை எங்கேயும் ஒன்றுதான். தொந்தரவு கொடுப்பது இண்டிகேட்டர். நம் மாருதியில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். போய் வந்த மாணவர்கள் எல்லோரும் ஒரே கதை சொல்வார்கள்: வெயில் கொளுத்துகிற நாளில் முக்கு திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும்.

அதைவிட உண்மையான ஆபத்து நெரிசலில் இல்லை. முன்னால் நாலு வண்டி போனால் அவற்றின் பின்னால் தானாகவே சரியான பக்கம் போய்விடுவோம். ஆளில்லாத ரோடுதான் ஆளைக் கவிழ்க்கும். பெட்ரோல் பங்கிலிருந்து விடியற்காலையில் வெளியே வரும்போது, பார்க்கிங்கிலிருந்து காலி ரோட்டில் திரும்பும்போது, பழைய கை தன் ஊர்ப் பக்கத்துக்கு இழுக்கும். இதற்கு நான் சொல்லித் தருகிற உபாயம் ஒன்றே: உங்கள் தோள் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். துவாக்குடியிலும் டிரைவர் நடுக்கோட்டை ஒட்டித்தான் உட்காருகிறார், மான்ஹைமிலும் அப்படியே. தோள் ஓரத்துப் புல்லை ஒட்டிப் போனால் நீங்கள் ராங் சைடு. வலது இடது என்று மனசுக்குள் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

ரவுண்டானாவில் நம் ஊரில் வலம் வருகிறோம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியும் சித்திரை வீதியும் சுற்றிப் பழகிய காலுக்கு அது இயல்பு. நடுவில் இருப்பது எப்போதும் நம் வலக்கைப் பக்கம். ஐரோப்பாவில் அப்பிரதட்சணமாகத்தான் சுற்ற வேண்டும். சுற்றுவதைவிட முக்கியம், உள்ளே யார் முதலில் என்பது. இதிலும் நூறு வருஷச் சண்டை இருக்கிறது. பிரான்சில் நெடுங்காலம் ரவுண்டானாவுக்குள் நுழைகிறவருக்கே முன்னுரிமை. வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிடு என்ற பொது விதிதான் அங்கேயும். நுழைந்துகொண்டே இருப்பார்கள், யாரும் வெளியேற முடியாது. 1966-இல் பிரிட்டன், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே வழி என்று விதித்தபிறகுதான் ரவுண்டானா என்ற சாதனமே ஒழுங்காக வேலை செய்தது. பிரான்ஸ் 1984-இல் அதைப் பின்பற்றியது. பாரிசில் வெற்றி வளைவைச் சுற்றியிருக்கிற ரவுண்டானாவில் இன்றைக்கும் பழைய விதியே. வேடிக்கை பார்க்க வேண்டுமானால் மேலே ஏறி நின்று பார்க்கலாம், உள்ளே காரோடு போகாதீர்கள்.

ஜெர்மனியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது குடியிருப்புத் தெருக்கள். 1983-இல் புக்ஸ்டஹூடே என்ற சின்ன ஊரில் சோதனையாகத் தொடங்கிய 30 கிலோமீட்டர் வேகத் தெருக்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே முக்கில் பலகை இருக்காது, சிக்னல் இருக்காது, வெள்ளைக் கோடும் இருக்காது. வலப்பக்கத் தெருவிலிருந்து யார் வந்தாலும் அவருக்கு வழி. ‘ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்ஸ்’ என்று குழந்தைகள்கூடச் சொல்கிற விதி. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு தெருவில் போனேன். வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு பாட்டி பழைய ஓப்பல் காரில் வந்தார். நான் பெரிய தெரு, அவர் சந்து. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை, ஹாரன் இல்லை, ஹெட்லைட் அடிக்கவில்லை. நான் நிற்பேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. நின்றேன். “அப்பா, கையெல்லாம் காட்ட வேண்டாம். அவங்க உரிமை, அவங்க போறாங்க” என்றாள் மகள்.

ஊர் திரும்பியபின் இதை என் மாணவர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். “அது ஜெர்மன்காரன் ஒழுக்கம் சார், நமக்கு வராது” என்றார்கள். அலமாரியிலிருந்து நம் விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். 2017 வரை நடப்பிலிருந்த 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளில் முக்கைப் பற்றி இரண்டே வரி. நுழைகிற ரோடு பிரதான ரோடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அதில் போகிறவருக்கு வழிவிடு. மற்ற எந்த முக்கிலும் உன் வலக்கைப் பக்கமிருந்து வருகிற எல்லோருக்கும் வழிவிடு. ஜெர்மன் பாட்டியின் விதியேதான்! பக்கம் மாறினாலும் ஸ்டியரிங் மாறினாலும் ரவுண்டானா எதிர்த்திசையில் சுற்றினாலும், இந்த ஒரு விதி மட்டும் துவாக்குடியிலும் மான்ஹைமிலும் மாறவே இல்லை. நாம் இதை ஐரோப்பாவுக்குப் போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்கிறோம்.

நம் ஊரில் முக்கில் யார் முதலில் போவது என்பதை பஸ்ஸா லாரியா, யாருடைய ஹாரன் பெரிசு என்பதைப் பார்த்தே முடிவுசெய்கிறோம். பிரைவேட் பஸ் டிரைவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் நேரக் கணக்கில் பிழைக்கிறவர்கள். ஹாரன் இல்லாமல் வாழ முடியாது என்பவர்களுக்கு ஒரு தகவல்: பாரிசும் ஒரு காலத்தில் நம் சத்திரம் பஸ் ஸ்டாண்டைப் போல அலறிக்கொண்டிருந்த ஊர்தான். 1954-இல் போலீஸ் தலைமை அதிகாரி ஆந்த்ரே துபுவா ஹாரனுக்குத் தடை போட்டார். ஊர் அடங்கிவிட்டது. பிறவிக் குணம் என்று ஒன்றும் அங்கே இருந்ததில்லை. உத்தரவு இருந்தது, அபராதம் இருந்தது. ஜெர்மனியில் தப்புக்கான புள்ளிகள் ஃப்ளென்ஸ்பர்க் ஊர் ஆபீசில் ஏறிக்கொண்டே போகும், 8 வந்தால் லைசென்ஸ் பறிபோகும். ஆட்டோபானில் பல இடங்களில் வேகத்துக்கு எல்லை இல்லை என்பதைக் கேட்டுவிட்டு வாய் பிளக்கும் பையன்கள் இந்தப் புள்ளிக் கணக்கைக் கேட்பதில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். பெர்மிட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்: படிவம் 4 ஏ, பாஸ்போர்ட், ஆயிரம் ரூபாய். ஒரு வருஷம் செல்லும். 2022-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே மாதிரி அச்சு, கியூ.ஆர். கோடும் உண்டு. பெர்மிட் மட்டும் இருந்தால் போதாது, அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, செக் நாடு பக்கம் போனால் மோட்டார்வேயில் ஏறுவதற்கு முன்பே விக்னெட் கட்டணம் கட்டிவிடுங்கள். வாழவந்தான்கோட்டை மாதிரி பூத் வைத்துக் கேட்கமாட்டார்கள், பிறகு அபராதம்தான் வரும்.

அதற்கு முன் ஒன்று. விசா வருவதற்கு எப்படியும் சில வாரம் ஆகும். அந்த வாரங்களில் நம் தெரு முக்குகளில், சிக்னல் இல்லாத இடங்களில், வலப்பக்கமிருந்து வருகிறவர் சைக்கிள்காரராக இருந்தாலும் நின்று வழிவிட்டுப் பழகுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடித்துக்கொள்ளட்டும், சட்டம் உங்கள் பக்கம்.